திகன விக்டோரியா கொல்ஃப் மைதானம்: காற்று செய்யும் வேலையைச் சரிவு செய்கிறது

கண்டிக்குப் பக்கத்திலுள்ள திகன விக்டோரியா கொல்ஃப் மைதானத்தில் நான் முதலில் பார்த்தது வடிகாலைத்தான். வாய்க்கால், மதகு, கலிங்கு என்றே நீர்ப்பாசன வேலையில் காலம் கழித்து ஓய்வு பெற்றவள் நான். புல்லின் பச்சையைப் பார்க்கும் முன்னரே, நேற்றிரவு பெய்த மழை எங்கே போனது என்று கண் தேடும். காலையில் இறங்கி நடந்தபோது தரை காலுக்கு இறுக்கமாக இருந்தது. சேறு ஒட்டவில்லை. மலைநாட்டில், இரவு மழைக்குப் பிறகு, இது சின்ன விஷயம் இல்லை.

திருகோணமலையில் எங்களுக்குக் கொல்ஃப் என்றால் சீனன்குடாதான். விமானப்படை நடத்தும் அந்த மைதானத்தில்தான் தம்பியும் நானும் ஆடிப் பழகினோம். அங்கே எதிராளி காற்று. கச்சான் காற்று வீசும் மாதங்களில் தரை காய்ந்து கிடக்கும், பந்து விழுந்த பிறகும் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் எங்கள் ஊர் ஆட்டக்காரர் பந்தைத் தாழ்வாக அடித்து உருட்டிவிடத்தான் பழகியிருப்பார். அந்தப் பழக்கத்தோடு திகனவுக்குப் போகிறவருக்கு என்ன நடக்கும் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மைதானத்தை வடிவமைத்தவர் டொனால்ட் ஸ்டீல் என்ற ஆங்கிலேயர். சண்டே டெலிகிராஃப் பத்திரிகையில் கொல்ஃப் பற்றி எழுதிவந்தவர். 1970ஆம் ஆண்டு பிரிட்டிஷ் ஓபன் போட்டியில் தானே ஆடியவரும்கூட. கடற்கரை மணல்மேட்டு மைதானங்களில் ஊறிய மனிதர் அவர். அப்படிப்பட்டவருக்குக் கடலே இல்லாத ஒரு மலைச்சரிவைக் கொடுத்தால் என்ன செய்வார்? கடற்கரையில் காற்று செய்யும் வேலையை இங்கே சரிவிடம் ஒப்படைத்திருக்கிறார். மைதானம் முழுவதையும் என்னால் இந்த ஒரு எண்ணத்தை வைத்தே விளங்கிக்கொள்ள முடிகிறது.

ஒவ்வொரு குழிக்கும் முதல் அடியை அடிக்கும் இடமான டீயில் நின்று பார்த்தால் இடம் தாராளமாகத் தெரியும். நுவரெலியாவில் ஆடியவர்களுக்கு இது உடனே உறைக்கும். 1889இல் தொடங்கிய அந்தப் பழைய மைதானத்தில் இரண்டு பக்கமும் மரங்கள் நெருக்கும், நேராக அடிக்காவிட்டால் பந்து போச்சு. இங்கே அந்தப் பயம் குறைவு. ஆனால் தாராளமாக அடித்த பந்து எங்கே போய் நிற்கிறது என்பதில்தான் வினை தொடங்குகிறது. பந்து உங்கள் பாதத்தைவிட உயரத்தில் கிடந்தால், வலக்கைக்காரர் அடிக்கும்போது இடப்பக்கம் இழுக்கும். பாதத்துக்குக் கீழே கிடந்தால் வலப்பக்கம் விலகும். இறக்கத்தில் நின்று அடித்தால் தாழ்வாகப் பறந்து, விழுந்த பின்னும் ஓடும். ஏற்றத்தில் நின்று அடித்தால் உயர எழும்பி, எண்ணிய இடத்துக்கு முன்னமே விழுந்துவிடும்.

தம்பி பலமாக அடிப்பவன். அவன் பந்து தூரம் போய், சரிவின் நடுவில் நிற்கும். அடுத்த அடிக்கு இரண்டு காலையும் ஊன்ற இடமிருக்காது. நான் அடிக்கும் தூரம் குறைவு. ஆனால் சமனான ஒரு துண்டு நிலத்தைப் பார்த்து அதில் பந்தை நிறுத்தினால், அங்கிருந்து குழியைக் காட்டும் கொடி வரைக்கும் வழி திறந்து கிடக்கிறது. பலமில்லாதவருக்கும் ஒரு பாதை விட்டுவைப்பதுதான் என் கணக்கில் நல்ல வடிவமைப்பு. முன்தள்ளி வைத்திருக்கும் டீயிலிருந்து ஆடும் பெண்களுக்கு இந்தப் பாதை இன்னும் நன்றாகவே தெரியும். வெட்கப்படாமல் அங்கிருந்து ஆடுங்கள்.

மொத்த பார், அதாவது எல்லாக் குழிகளையும் முடிக்க ஒரு நல்ல ஆட்டக்காரருக்குக் கணக்கிட்ட அடிகள், 73. வழக்கமாக 72 என்று பழகியவர்களுக்கு ஒன்று கூடுதல். கூட்டிப் பார்க்கும்போது அந்த ஒன்று பெரிதாகத் தெரியாது. ஆனால் மேடேறி இறங்கிய கால்களுக்குத் தெரியும்.

இப்போதெல்லாம் புதிய மைதானம் என்றால் இயந்திரத்தை விட்டு மண்ணைத் தோண்டிக் குவித்து மேடு கட்டுவது சர்வசாதாரணம். கட்டின மேட்டை நான் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன். மழை அதற்கு ஒத்துப்போகாது, அடிவாரத்தில் தண்ணீர் தேங்கி நிற்கும். இங்கே அப்படி எதுவும் என் கண்ணில் படவில்லை. நிலம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே தண்ணீரையும் விட்டிருக்கிறார்கள், ஆட்டத்தையும் விட்டிருக்கிறார்கள்.

குழியைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்டி வைத்திருக்கும் கிறீனில் நான் அதிக நேரம் எடுத்துக்கொண்டேன். ஒரு குழியில் பந்து வலப்பக்கம் வளையும் என்று என் கண் சொன்னது. பை தூக்கி வந்த பொடியன் பக்கத்துத் தோட்டப்புறத்தைச் சேர்ந்தவன். "அக்கா, கண்ண நம்பாதீங்க. டேம் பக்கமாத்தான் ஓடும்" என்றான். அவன் சொன்னபடியே ஓடியது. மலை பின்னால் நிற்கும்போது கண் ஏமாறுவது இயல்பு. சுற்றியுள்ள பெரிய சரிவு கிறீனின் சின்னச் சரிவை மறைத்துவிடும். அதன்பிறகு நான் வேறு வழியில் பார்க்கத் தொடங்கினேன். இந்த இடத்தில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றினால் எங்கே போகும்? அந்தக் கேள்வியைக் கேட்டால் பந்தின் வழியும் பெரும்பாலும் கிடைத்துவிடுகிறது. தம்பியும் இதைப் பிடித்துக்கொண்டான்.

அந்தப் பொடியன் சொன்ன டேம் விக்டோரியா அணை. 122 மீற்றர் உயரம், 1985இல் திறக்கப்பட்டது. பழைய தெல்தெனிய நகரம் அந்த நீர்த்தேக்கத்துக்குள்தான் போனது. ஆடிக்கொண்டே நிமிர்ந்தால் ஒருபக்கம் அந்த நீர்ப்பரப்பு, இன்னொரு பக்கம் நக்கிள்ஸ் மலைகள். காட்சி அழகு என்று எல்லோரும் சொல்வார்கள், உண்மைதான். எனக்கு வேறொன்றும் மனதில் ஓடியது. அங்கே கிடப்பது மகாவலித் தண்ணீர். மின்சாரத்துக்கும் வயலுக்கும் போனது போக, மிச்சம் மூதூர்ப் பக்கம் வந்து எங்கள் கொட்டியாரக் குடாவில்தான் கலக்கிறது. கிழக்கிலிருந்து போகிறவர் அந்த நீர்த்தேக்கத்தை அந்நியமாகப் பார்க்கத் தேவையில்லை.

குறை என்றால் நடைதான். மைதானம் பெரிது, ஏற்ற இறக்கம் நிறைய. நடந்தே ஆடவேண்டும் என்ற ஆசையோடு போனேன், கடைசிக் குழிகளில் என் முழங்கால் மறுத்தது. ஐம்பது தாண்டியவர்கள் வண்டி எடுத்துக்கொள்ளுங்கள். வெயில் ஏறினால் மலைநாடு என்ற நினைப்பு எடுபடாது. திகன நுவரெலியா அளவுக்கு உயரமில்லை, அந்தக் குளிரை எதிர்பார்த்துப் போகாதீர்கள். வடகீழ்ப் பருவமழை நம் பக்கத்தில் கொட்டும்போது அங்கேயும் மழைதான். ஆகவே கார்த்திகை, மார்கழியைத் தவிர்ப்பது நல்லது.

திருகோணமலையிலிருந்து வழி: கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை, கண்டி. அங்கிருந்து மகியங்கனை வீதியில் திகன. விடியப் புறப்பட்டு அன்றே ஆடித் திரும்பலாம் என்று தம்பி வாதாடினான். வேண்டாம். அவ்வளவு நேரம் காரில் மடங்கி இருந்த இடுப்போடு சரிவில் நின்று அடித்தால் ஒரு பந்தும் நேராகப் போகாது. கண்டியிலோ திகனவிலோ ஒரு இரவு தங்கி, காலை முதல் ஆட்டத்துக்கு முன்கூட்டியே நேரம் கேட்டு வையுங்கள். கொலர் வைத்த சேட் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள்.

போவதற்கு முன் ஒரு பயிற்சி. ஊரில் எங்காவது மேடான இடத்தில் நின்று, ஏழாம் இலக்க இரும்பு மட்டையால், பந்து பாதத்துக்கு மேலே கிடக்கும்போதும் கீழே கிடக்கும்போதும் அடித்துப் பழகுங்கள். என் மருமகளுக்கு இப்போது அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். அடுத்த முறை அவளும் வருகிறாள், முன் டீயிலிருந்து இருவரும் சேர்ந்து ஆடுவோம்.