பழைய லினக்ஸ் டிஸ்ட்ரோக்களும் திரையில் நின்றுபோன இரண்டு எழுத்தும்

நண்பர் ஒருவருக்குப் பென்டியம் காலத்துக் கம்ப்யூட்டர் ஒன்று கிடைத்திருக்கிறது. அதில் அந்தக் காலத்து லினக்ஸையே போட்டுப் பார்க்க ஆசை, எதைப் போடலாம் என்று போன வாரம் கேட்டார். சரியான நேரத்தில்தான் கேட்டார். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை முழுவதும் என்னுடைய பழைய பென்டியம் 2-உடன் போராடியே போயிருந்தது.

64 எம்பி ரேம், 6.4 ஜிபி ஹார்ட் டிஸ்க். ஸ்லாக்வேர் 7.1, டெபியன் 2.2, ரெட் ஹாட் 6.2 என்ற மூன்று டிஸ்ட்ரோக்களையும் (லினக்ஸை மற்ற மென்பொருட்களோடு சேர்த்துத் தரும் தொகுப்புகள்) அதில் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். மூன்றும் 2000-இல் வெளிவந்தவை, மூன்றிலும் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் 2.2 வரிசைதான். இத்தனை வருடமும் அப்படியே இருக்கின்றன. மதர்போர்டில் இருந்து அடிப்படை செட்டிங்குகளைக் காப்பாற்றும் அந்தச் சின்ன சிமாஸ் பேட்டரி தீர்ந்துபோனது, மாற்றினேன். ரிப்பேர் அவ்வளவுதான். மூடியைப் போட்டு ஸ்க்ரூ முடுக்கி சுவிட்சைத் தட்டினேன். மெமரி எண்ணி முடித்தது, டிஸ்க் சுழலும் சத்தம் கேட்டது, திரையின் இடது ஓரத்தில் 'எல்', 'ஐ' என்று இரண்டு எழுத்து வந்தது. அதோடு நின்றுவிட்டது.

லினக்ஸை எழுப்பிவிடும் பூட் லோடரான லிலோவை வைத்திருந்தவர்களுக்கு இந்த இரண்டு எழுத்தைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்கும். லிலோ தன் பெயரின் நான்கு எழுத்தையும் ஒரே மூச்சில் எழுதாது. ஒவ்வொரு கட்டம் தாண்டும்போதும் ஒவ்வொரு எழுத்தாக எழுதும். நான்கும் வந்தால் பிழைத்தோம். 'எல்' மட்டும் என்றால் இரண்டாம் பகுதியை ஏற்றவே முடியவில்லை. 'எல் ஐ' என்றால் ஏற்றிவிட்டது, ஓட்ட முடியவில்லை. மூன்று எழுத்தோடு நின்றால் அது வேறு கதை. எங்கே இடித்தது என்று இதிலிருந்து கண்டுபிடிக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லாது.

இதற்கான காரணம் லிலோவின் அடிப்படையிலேயே இருக்கிறது. அதற்கு ஃபைல் சிஸ்டம் படிக்கத் தெரியாது. கெர்னல் டிஸ்க்கில் எந்தெந்த இடத்தில் கிடக்கிறது என்ற விலாசங்களை முன்கூட்டியே ஒரு மேப் ஃபைலில் குறித்துவைத்துக்கொள்ளும். பூட் ஆகும்போது, மதர்போர்டிலேயே இருக்கும் அடிப்படை நிரலான பயாஸிடம் அந்த விலாசங்களைக் கொடுத்து எடுத்துவரச் சொல்லும். ஃபைல் கொஞ்சம் இடம் மாறினாலும், அதே பெயரில் புதுக் கெர்னலைப் போட்டாலும், மறுபடி லிலோவை ஓட்டாவிட்டால் விலாசம் தப்பு. சாதாரணமாக அந்த விலாசம் சிலிண்டர், ஹெட், செக்டர் கணக்கில் இருக்கும். பேட்டரியைக் கழற்றியதில் பயாஸ் தன் செட்டிங்கை எல்லாம் மறந்து, டிஸ்க்கின் இடங்களை எண்ணும் முறையை எல்பிஏவிலிருந்து நார்மலுக்கு மாற்றிவிட்டிருந்தது. எண் அதேதான், ஆனால் அது காட்டும் இடம் வேறு.

இதெல்லாம் அன்று காலையில் எனக்குத் தோன்றவில்லை. டிஸ்க் போய்விட்டது என்றே நினைத்தேன். கேபிளைக் கழற்றி மாட்டினேன், ஜம்பரைப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் ஸ்லாக்வேர் பூட் ஃப்ளாப்பியைத் தேடி எடுத்தேன். அதன் முதல் திரையிலேயே, அவசரத்துக்கு உங்கள் ரூட் பார்ட்டிஷனின் (லினக்ஸ் இருக்கும் டிஸ்க் பகுதியின்) பெயரை இங்கேயே கொடுத்து பூட் செய்யலாம் என்று ஒரு குறிப்பு இருக்கும். கொடுத்தேன். வரி வரியாக ஓடி லாகின் வந்து நின்றது. கெர்னல் எழுந்துவிட்டால் பயாஸை நம்பியிருக்காது, டிஸ்க்கோடு நேரடியாகவே பேசும். ஃபைல்கள் எல்லாம் பத்திரமாக இருந்தன. அதன் பிறகுதான் பயாஸ் ஞாபகம் வந்தது. செட்டிங்கை எல்பிஏவுக்கு மாற்றியதும் நான்கு எழுத்தும் வந்தன.

நியாயமாகச் சொன்னால் இது ஸ்லாக்வேருக்கு மட்டுமே உரிய பெருமை இல்லை. டெபியனின் ரெஸ்க்யூ ஃப்ளாப்பியாலும் இதே வேலையைச் செய்திருக்கலாம். என் கைக்கு அன்று கிடைத்தது ஸ்லாக்வேருடையது.

கெர்னல் மாற்றும் நாளில் எது எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்தால் மூன்றின் குணமும் தெரிந்துவிடும். டெபியனில் கெர்னல் பேக்கேஜ் போட்டால், இருக்கிற லிலோ கான்ஃபிகை வைத்து பூட் பிளாக்கை எழுதிவிடட்டுமா என்று அதுவே கேட்கும். எண்டர் தட்டினால் போதும். ரெட் ஹாட் 6.2-இல் அதன் பேக்கேஜ் கருவியான ஆர்பிஎம் கெர்னலைப் போட்டுக் கொடுக்கும், கான்ஃபிக் ஃபைலைத் திருத்தி லிலோவை ஓட்டுவது நம் வேலை. அவர்கள் 2001-இல் 7.2 வெளியிட்டபோது ஃபைல் சிஸ்டத்தைத் தானே படிக்கத் தெரிந்த க்ரப் என்ற பூட் லோடருக்கு மாறினார்கள். என்னைக் கேட்டால் அந்த வரிசையின் மிகப் பெரிய முன்னேற்றம் அதுதான். ஸ்லாக்வேர் எதுவும் கேட்காது, எதையும் நினைவூட்டாது. 2022-இல் வந்த 15.0 வரை லிலோவை விடவும் இல்லை. இதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

தினசரி உபயோகத்துக்கு என்று பார்த்தால் டெபியன் பக்கத்தில் மற்ற இரண்டும் நிற்க முடியாது. தேவையான பேக்கேஜ்களைத் தானே கொண்டுவந்து போடும் ஏப்ட் 2.1-இல் வந்தது. அதே டிஸ்க்கில் 2.1-இலிருந்து 2.2-க்கு மறுபடி இன்ஸ்டால் செய்யாமலே ஏறினேன். ஆர்பிஎம் இது வேண்டும், அது வேண்டும் என்று சொல்லும், தானாகக் கொண்டுவந்து தராது. ஸ்லாக்வேரின் பேக்கேஜ் வெறும் டார் ஃபைல் (பல ஃபைல்களை ஒன்றாகக் கட்டியது), எது இல்லை என்றுகூடச் சொல்லாது. டெபியனில் எனக்குப் பிடிக்காதது பேக்கேஜ்களைத் தேர்ந்தெடுக்கும் டீசெலக்ட். முதல் முறை அதில் நுழைந்தவர்கள் வெளியே வர வழி தெரியாமல் தவிப்பார்கள். அப்புறம் அடுத்த வெளியீட்டுக்கான காத்திருப்பு. 3.0 வந்தது 2002 ஜூலையில், அதற்கடுத்தது 2005 ஜூனில். சர்வர் வைத்திருப்பவருக்கு இந்த நிதானம் வரம். புது ஹார்டுவேர் வாங்கியவருக்கு அப்படி இல்லை.

விண்டோஸிலிருந்து அன்று வந்தவர்களுக்கு மாண்ட்ரேக்தான் ஏற்றது. 1998-இல் ரெட் ஹாட்டை அடிப்படையாக வைத்து கேடிஈ என்ற டெஸ்க்டாப்போடு கொடுத்தார்கள், பிறகு பார்ட்டிஷன் பிரிப்பதைப் படம் போட்டே காட்டினார்கள். கையேடு படித்து முறையாகச் செய்கிறவருக்கு சூசே, எல்லா செட்டிங்குக்கும் யாஸ்ட் என்ற ஒரே கருவி இருக்கும். இரண்டையும் நான் கொஞ்ச நாள்தான் வைத்திருந்தேன், அதனால் அதிகம் சொல்லவில்லை.

ஸ்லாக்வேர் 1993 ஜூலையில் வந்தது, டெபியன் அறிவிப்பு ஆகஸ்ட் 16-இல். இரண்டுக்கும் தொடக்கம் எஸ்எல்எஸ் என்ற முந்தைய டிஸ்ட்ரோவின் குறைகள்தான். பேட்ரிக் வோல்கர்டிங் அதையே எடுத்துச் சரிசெய்தார். இயன் முர்டாக் புதிதாக, விதிமுறைகளோடு தொடங்கினார். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஓட்டினால் அந்த வித்தியாசம் இன்னும் தெரிகிறது. ஸ்லாக்வேரில் மாட்யூல்களை, அதாவது டிரைவர்களை, ஏற்றும் ஸ்கிரிப்டைத் திறந்தால், நெட்வொர்க் கார்டுகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி, வரியின் முன்னால் அதைச் செயல்படவிடாமல் ஒரு ஹாஷ் குறி. நம்முடைய கார்டின் வரியைத் தேடி அந்த ஒரு குறியை அழித்தால் போதும், அடுத்த பூட்டில் கார்டு வேலை செய்யும். ஒன்றும் ஒளித்துவைக்கப்படவில்லை. முதன்முதலாக அந்தக் குறியை அழித்துவிட்டு இரவு ஒரு மணிக்கு, நெட்வொர்க்கைச் சோதிக்கும் பிங்குக்குப் பதில் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. டெபியனில் எனக்கு எல்லாம் சரியாக நடந்தது, ஆனால் அப்படி நினைவில் நிற்கிற இரவு ஒன்றுகூட இல்லை.

இவ்வளவு சொல்லிவிட்டு நண்பருக்கு நான் சொன்ன பதில்: ஸ்லாக்வேர் போடுங்கள். அவர் அந்த மெஷினில் பிழைப்பு நடத்தப்போவதில்லை, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கத்தான் ஆசைப்படுகிறார். பூட் பார்ட்டிஷனைச் சின்னதாக, டிஸ்க்கின் தொடக்கத்திலேயே, முதல் 1024 சிலிண்டருக்குள் வையுங்கள் என்றேன். வேறு டிஸ்ட்ரோவும் போடுவதானால் அதன் லிலோவை டிஸ்க்கின் முதல் செக்டரான எம்பிஆரில் எழுத விடாமல் அதன் பார்ட்டிஷனிலேயே எழுதச் சொல்லுங்கள், ஸ்லாக்வேரின் லிலோ அங்கே அனுப்பிவைக்கும் என்றேன். கெர்னலைத் தொட்டால் உடனே லிலோவை ஓட்டுங்கள் என்பதை மூன்று முறை சொன்னேன். என் மெஷினின் மூடிக்கு உள்பக்கம் இப்போது 'டிஸ்க்: எல்பிஏ' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். பூட் ஃப்ளாப்பியும் அதே பெட்டியின் மேல்தான் இருக்கிறது.