குன்னூர் பக்கம் ஃபேன் பெல்ட் மாற்றக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

மேகம் இறங்கிய காலையில் ஸ்டார்ட் செய்ததும் பெல்ட் கீச்சிடுவது நீலகிரியில் புதுசு இல்லை. அதைக் காட்டித்தான் காசு பிடுங்குகிறார்கள்.

குன்னூரில் ஒரு ஒர்க்‌ஷாப், புது பெல்ட்டுக்கும் கூலிக்கும் பில் போட்டது. வண்டியில் இருந்ததோ பழைய பெல்ட். முதுகிலுள்ள நம்பர் தேய்ந்து அழிந்திருந்தது, பெல்ட்டின் உட்பக்கம் நீளவாக்கில் ஓடும் மேட்டு வரிகளுக்கு நடுவே பிசுபிசுவென்று ஸ்ப்ரே. சத்தத்தை அடக்க, பெல்ட்டால் சுழன்று பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரைக் கம்பியால் நெம்பி, வீணைத் தந்தி மாதிரி இழுத்து முறுக்கியிருந்தார்கள். கீச்சு நின்றது, கொஞ்ச நாளில் ஆல்டர்னேட்டர் பேரிங் உறுமியது. அதே கடை சொன்னது: "ஆல்டர்னேட்டரே போயிடுச்சு சார், மாத்தணும்."

பெல்ட் விஷயத்தில் தளர்வை விட அதிக இறுக்கம் மோசம். தளர்ந்தால் கத்திக் காட்டிக்கொடுக்கும். இறுகினால் சத்தமில்லாமல் பேரிங்கைத் தின்னும். இன்ஜினைக் குளிரவைக்கும் வாட்டர் பம்ப்பும் இதே பெல்ட்டில் ஓடினால் அதன் பேரிங்கும் சேர்ந்து போகும். மேட்டுப்பாளையம்–குன்னூர் மலைப்பாதையில் பர்லியார் தாண்டி ஏறும்போது பெல்ட் அறுந்தால் பேட்டரி விளக்கு எரியும், வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில் ஓடினால் ஹீட்டும் ஏறும். உடனே ஓரங்கட்டி இன்ஜினை அணைக்க வேண்டியதுதான்.

காசு கொடுக்குமுன் ஐடிலில் ஓடவிட்டு, கையும் துணியும் கிட்டே போகாமல், பெல்ட்டின் வரிப்பக்கம் தண்ணீர் பீய்ச்சுங்கள். சத்தம் கூடினால் வழுக்கல். சற்று அடங்கி மறுபடி வந்தால், பெல்ட் ஓடும் சக்கரமான புல்லி நேராக இல்லை, இறுக்கிப் பயனில்லை.

வீட்டிலேயே மாற்றலாம். இன்ஜின் ஆறட்டும், பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள், பெல்ட் போகும் வழியைப் போட்டோ எடுங்கள். 6பிகே1050 என்றால் 6 வரி, 1050 மி.மீ. நீளம்; பழையதில் இருப்பதே வேண்டும். ஆல்டர்னேட்டர் அசையும் அச்சான பிவட் போல்ட், அதை நகராமல் பிடிக்கும் லாக் போல்ட் இரண்டையும் தளர்த்தி, அட்ஜஸ்டர் போல்ட்டால்தான் பெல்ட்டை இறுக்க வேண்டும்; பிறகு அந்த இரண்டையும் மறுபடி முடுக்குங்கள். பல வண்டிகளில் நீளமான இடைவெளியின் நடுவே 10 கிலோ அளவுக்கு அழுத்தினால் 8-10 மி.மீ. அமுங்கும், உங்கள் வண்டிக்கு மேனுவல் சொல்வதே கணக்கு. ஒரு வரி தள்ளி உட்கார்ந்தாலும் ஓரம் பிய்ந்துவிடும், எல்லாப் புல்லியிலும் விரலால் தடவிப் பாருங்கள். 5 நிமிடம் ஓட்டி, அணைத்து, மறுபடி அழுத்திப் பாருங்கள்.

பெல்ட்டின் இறுக்கத்தை ஸ்பிரிங்கால் தானே பார்த்துக்கொள்ளும் ஆட்டோ டென்ஷனர் வண்டிக்கு 'டென்ஷன் செட்டிங்' என்று தனிக்கூலி கேட்டால் கொடுக்காதீர்கள்; அங்கே செட் செய்ய ஒன்றுமில்லை.

பழைய பெல்ட்டைக் கையில் வாங்குங்கள், பில்லில் பார்ட் நம்பர் எழுதச் சொல்லுங்கள். ஏமாந்திருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது.