வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்

இலங்கையில் 2025 டித்வா புயலில் வீடிழந்து முகாம்களில் இருக்கும் சொந்தங்களுக்கு: யார் வந்து கேட்டாலும் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். நிவாரண அட்டையைக் கைவிட்டுக் கொடுக்காதீர்கள். நான் இரண்டையும் செய்தவள்.

2004 சுனாமியில் மட்டக்களப்புக் கரையில் எங்கள் வீடு அத்திவாரத்தோடு போனது. கொஞ்ச நாள் பள்ளிக்கூடத்தில் இருந்தோம், அப்புறம் டென்ட். காலை பத்து மணிக்கு மேல் உள்ளே பிள்ளையைப் படுக்க வைக்க முடியாது, அப்படி வேகும். மழை பெய்தால் பாய்க்குக் கீழே தண்ணீர் ஓடும். கிழக்கில் கடலிலிருந்து 200 மீட்டருக்குள் கட்டக் கூடாது என்று அரசாங்கம் சொல்லிவிட்டதால் பழைய வளவுக்கும் போக வழியில்லை. புதுக் காணி எங்கே என்று சொல்லவும் ஆளில்லை.

அப்போதுதான் ஒருவர் ஃபைலோடு வந்தார். உதவி நிறுவனத்து ஆள் என்றார். "அக்கா, தகரக் கொட்டிலுக்குப் பதியிறம். கீழ ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க, மேல நாங்க நிரப்பிக்கிறம்." நாளைக்குத் தருவதாகச் சொல்லி நிவாரண அட்டையையும் வாங்கிப் போனார். அந்த அட்டைக்குத்தான் ஆளுக்கு வாரம் 375 ரூபாய் கிடைத்தது: 200 காசாக, 175 சாமானாக. மூன்று வாரம் அதுவும் நின்றது.

கொட்டில் வரவில்லை, கதைதான் வந்தது. எங்கள் டென்ட் வரிசைக்கு எல்லாம் கொடுத்தாயிற்றாம், நாங்கள் விற்றுவிட்டோமாம். தண்ணீர் பவுசரடியில் அடிதடி. பின்வரிசைத் தங்கச்சி ஒருத்தி, என் மகளுக்குத் தன் பிள்ளையோடு சேர்த்துச் சோறு ஊட்டியவள், என் குடத்தைப் பிடுங்கி எறிந்தாள். அவள் பிள்ளையும் அதே சேற்றில்தான் படுத்திருந்தது, அவளைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் யாருக்கு என்ன கொடுத்தது என்ற பட்டியலை எங்களில் ஒருவரும் கண்ணால் பார்த்திருக்கவில்லை.

மறுநாள் பெண்களெல்லாம் வெறுங்குடங்களோடு ரோட்டில் உட்கார்ந்தோம். அவளும் வந்தாள். பட்டியலைக் காட்டாமல் எழும்ப மாட்டோம் என்றோம். பொழுது சாயும்போது கொண்டுவந்தார்கள். என் பெயருக்கு நேரே தகரம், அடுப்பு, பாத்திரச் செட், எல்லாம் பெற்றுக்கொண்டேன் என்று எழுதியிருந்தது. கீழே இருந்தது என் கையெழுத்தேதான். இல்லை என்று எப்படிச் சொல்வேன்?

இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறது. தாளைப் படம் எடுத்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வெறும் வரிகள் இருந்தால் குறுக்கே கோடு போட்டு அடியுங்கள். பட்டியலை முகாம் வாசலில் ஒட்டச் சொல்லி முதல் நாளே கேளுங்கள். பக்கத்து டென்டோடு சண்டை வரும் வரை விடாதீர்கள்.