எங்க பொண்ணப் பாத்த குழந்தைகள் பிசியோ: என் ரிவ்யூ (5க்கு 4)

31 வாரத்துலயே பொறந்துட்டா எங்க பொண்ணு. என்ஐசியூல இருந்து வீட்டுக்கு வந்த நாள்ல இருந்தே வலது கை மட்டும் எந்நேரமும் மூடியே இருக்கும், கட்டை விரல் உள்ள மடங்கி, குளிப்பாட்டும்போது நான்தான் ஒவ்வொரு விரலா பிரிச்சு துடைப்பேன். வழக்கமா பாக்கற டாக்டர்கிட்ட ரெண்டு தடவ சொல்லிட்டேன். குறைமாசக் குழந்தை அப்படித்தான் இருக்கும், ஒரு வயசு வரட்டும் பாப்போம்னுட்டாரு. எனக்கு மனசே ஆறல. அதான் தேடிப் பிடிச்சு இந்த பிசியோ மேடம்கிட்ட போனோம்.

அப்ப அவளுக்கு அஞ்சு மாசம். மேடம் முதல்ல கேட்டதே எத்தனை வாரத்துல பொறந்தான்னுதான். முன்கூட்டி வந்த ஒம்பது வாரத்தக் கழிச்சுட்டு, இவளுக்கு கணக்குப்படி மூணு மாசம்தான், சரியான நேரத்துல வந்திருக்கீங்கன்னாங்க. பாயில மல்லாக்கப் படுக்க வெச்சு, டயப்பரோட மட்டும் விட்டு, சூப்பான எடுத்துட்டு, கிலுகிலுப்பை எதையும் காட்டாம, என்னையும் கொஞ்சம் பேசாம இருக்கச் சொல்லிட்டு மேல இருந்து ஒரு நாலு நிமிஷம் வீடியோ எடுத்தாங்க. அவ்ளோதான், குழந்தைய தொடவே இல்ல. இதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்னு நெனச்சேன், ஆனா அப்புறம் அவங்க அந்த வீடியோவையே போட்டு விளக்கினப்பதான் புரிஞ்சுது.

இதுக்குப் பேரு ஜெனரல் மூவ்மென்ட்ஸ் அசெஸ்மென்ட், ஹைன்ஸ் பிரெக்டல்னு ஒரு டாக்டர் குழந்தைங்கள உக்காந்து பாத்துப் பாத்தே உருவாக்கினது. பிரசவத் தேதி தாண்டி ஒரு 9 வாரத்துல இருந்து 20 வாரம் வரைக்கும், முழிச்சு நிம்மதியா கிடக்கற குழந்தைக்கு கழுத்து, தோள், மணிக்கட்டு, கணுக்கால் எல்லாம் குட்டி குட்டியா எல்லாப் பக்கமும் அசைஞ்சுட்டே இருக்கணுமாம், ஃபிட்ஜெட்டின்னு சொல்றாங்க. எங்க பொண்ணு காலத் தூக்கி உதைக்கறா, தலையத் திருப்பறா, ஆனா அந்தப் பொடி அசைவு இல்ல. வலது மணிக்கட்டு கட்டை மாதிரி கிடக்குது. ரெண்டு வாரம் கழிச்சு இன்னொரு வீடியோ எடுத்தாங்க, அதுலயும் இல்ல.

கூடவே குழந்தையோட நரம்பு, தசை எல்லாம் எப்படி வேலை செய்யுதுன்னு பாக்கற ஹேமர்ஸ்மித் டெஸ்ட்டும் பண்ணாங்க. 26 விஷயம், மொத்தம் 78 மார்க், இவளுக்கு 58. கைய மார்புக்குக் குறுக்க இழுத்துப் பாத்தாங்க, கால விரிச்சுப் பாத்தாங்க, பக்கவாட்டுல சாய்ச்சுப் பாத்தாங்க. மார்க்க விட ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லாததுதான் தனக்கு உறுத்துதுன்னாங்க. அப்புறம் ஒண்ணு சொன்னாங்க, அத மறக்கவே மாட்டேன்: "இதுக்கு பேர் வைக்க வேண்டியது நியூராலஜிஸ்ட்மா, நான் இல்ல. ஆனா காத்திருந்து பாக்கற கட்டத்துல நாம இல்ல."

லெட்டர் எழுதிக் குடுத்தாங்க, நியூராலஜிஸ்ட் பாத்து எம்ஆர்ஐ எடுத்து செரிபிரல் பால்சிக்கு, அதாவது மூளை பாதிப்பால கை கால் அசைவுல வர்ற குறைபாட்டுக்கு, ஹை ரிஸ்க்னு சொன்னாரு. அன்னிக்கு ராத்திரி முழுக்க அழுதேன். ஆனா மறுவாரமே தெரபி ஆரம்பிச்சாச்சு. முன்னெல்லாம் ஒரு வயசுக்கும் ரெண்டு வயசுக்கும் நடுவுலதான் இது என்னன்னே சொல்வாங்களாம், 2017ல உலக அளவுல நிபுணர்கள் சேந்து எழுதின கட்டுரை, குழந்தைக்கு ஆறு மாசம் ஆகறதுக்கு முன்னாடியே கண்டுபிடிக்கலாம்னு தெளிவா சொல்லிருக்கு. அத இன்னும் எத்தனை டாக்டருங்க படிக்கலையோ, அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகல.

தெரபின்னா கையக் கால புடிச்சு நீவி விடறதுன்னு நெனச்சிருந்தேன், அது இல்ல. குழந்தை தானா கைய நீட்டணும், அதுக்கு ஏத்த மாதிரி பொம்மைய எங்க வைக்கணும், எவ்ளோ நேரம் பொறுக்கணும்னு எங்களுக்குத்தான் சொல்லித் தராங்க. இடது கைக்கு மெத்துன்னு ஒரு உறை போட்டு தினமும் கொஞ்ச நேரம் வலது கையாலயே விளையாட விடறோம். போன வாரம் என் தோட்ட வலது கையால புடிச்சு இழுத்தா!! காது வலிச்சுது, விடச் சொல்ல மனசு வரல.

ஒரு ஸ்டார் ஏன் கம்மின்னா, அப்பாயின்ட்மென்ட் கிடைக்க நாலு வாரம் ஆச்சு. 20 வாரத்தோட முடியற டெஸ்ட்டுக்கு நாலு வாரம் ரொம்ப அதிகம்ங்க. ரிப்போர்ட்டும் முழுக்க சுருக்கெழுத்து, மேடம் உக்காந்து வரி வரியா சொல்லலன்னா ஒண்ணும் புரிஞ்சிருக்காது.

போறவங்க போன்லயே குழந்தை எத்தனை வாரத்துல பொறந்துச்சுன்னு சொல்லிடுங்க, சீக்கிரம் டைம் கேளுங்க. தூங்கி எழுந்து வயிறு நெறஞ்சிருக்கற நேரமா வாங்குங்க, அழுதுட்டு இருந்தா அந்த வீடியோ செல்லாது, எங்களுக்கு முதல் தடவ அப்படித்தான் அரை மணி நேரம் காத்திருந்து எடுத்தாங்க.