'பல்ஸ்' வாங்குவதா, 'டெலிகேட் சவுண்ட் ஆஃப் தண்டர்' வாங்குவதா? பிங்க் ஃப்ளாய்டின் இரண்டு கச்சேரிப் படங்கள்

பாஸ் வாசித்துப் பாட்டெழுதிய ரோஜர் வாட்டர்ஸ் இல்லாத பிரிட்டிஷ் ராக் குழு பிங்க் ஃப்ளாய்டைப் பிங்க் ஃப்ளாய்ட் என்று ஒத்துக்கொள்ளாத ரசிகர்கள் இன்றும் இருக்கிறார்கள். 'பல்ஸ்' ப்ளூரேயைப் பற்றிப் பேச்செடுத்தால் படம் எப்படி, ஒலி எப்படி என்று கேட்கமாட்டார்கள். "பாட்டெழுதின ஆள் மேடையில இல்லாம அது என்ன ஃப்ளாய்ட் கச்சேரி?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. அந்தக் கச்சேரியின் பிற்பாதி முழுவதும் 1973இல் வந்த 'த டார்க் சைட் ஆஃப் த மூன்' ஆல்பம். அதன் வரிகள் எல்லாமே வாட்டர்ஸ் எழுதியவை.

ஆனால் வாட்டர்ஸ் குழுவை விட்டு விலகிய பிறகு வந்த இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். இரண்டிலும் வாட்டர்ஸ் இல்லை. இருந்தும் இரண்டும் ஒரே குழு வாசித்தது போல இல்லை. வித்தியாசத்துக்குக் காரணம் கீபோர்டில் உட்கார்ந்திருக்கும் ரிச்சர்ட் ரைட். இந்த விவாதத்தில் அவர் பெயர் அடிபடுவதே குறைவு.

முன்கதை சுருக்கமாக. ரைட்டை 1979இல் 'த வால்' ஆல்பம் தயாராகிக்கொண்டிருந்தபோதே குழுவிலிருந்து விலக்கிவிட்டார்கள். அந்த ஆல்பத்தின் கச்சேரிகளில் சம்பளத்துக்கு வாசித்தார். 1985இல் வாட்டர்ஸ் விலகினார். குழுவின் பெயர் யாருக்கு என்ற வழக்கு 1987 கடைசியில் சமரசத்தில் முடிந்தது. கிதார் வாசித்துப் பாடும் டேவிட் கில்மோரும் டிரம்ஸ் வாசிக்கும் நிக் மேசனும் பெயரை வைத்துக்கொண்டு 1987இல் ஆல்பம் போட்டபோது ரைட் மறுபடி வந்தார், ஆனால் முழு உறுப்பினராக அல்ல. அந்த ஆல்பத்தில் மேசனே பல பாட்டுகளுக்கு டிரம்ஸ் வாசிக்கவில்லை. ஜிம் கெல்ட்னர், கார்மைன் அப்பீஸ் போன்றவர்களும் டிரம் மெஷினும் அந்த இடத்தை நிரப்பினார்கள். வாசிப்புப் பழக்கம் விட்டுப்போன ரைட், மேசன் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு கில்மோர் உலகம் சுற்றக் கிளம்பினார். அந்தப் பயணத்தின் படம்தான் 'டெலிகேட் சவுண்ட் ஆஃப் தண்டர்'. நியூயார்க் அருகே நாசாவ் கொலிசியம் அரங்கில் 1988 ஆகஸ்டில் எடுத்தது.

மேடையைப் பார்த்தாலே நிலைமை புரியும். கீபோர்டில் ரைட்டுக்குத் துணையாக ஜான் கேரின், டிரம்ஸில் மேசனுக்குத் துணையாக கேரி வாலிஸ், இரண்டாவது கிதாருக்கு டிம் ரென்விக், பாஸுக்கு கை ப்ராட், சாக்ஸபோனுக்கு ஸ்காட் பேஜ், மூன்று பின்னணிப் பாடகிகள். மொத்தம் பதினோரு பேர். வாலிஸ் கூண்டு மாதிரிச் சட்டத்துக்குள் நின்று, உயரத்தில் தொங்கும் சிம்பலை எகிறிக் குதித்து அடிப்பார். கேமரா அவரையும் பேஜையும் விட்டு நகரவே மனமில்லாமல் சுற்றும். வாசிப்பில் பிழை கிடையாது. எல்லாரும் கச்சிதமாக, பலமாக, கொஞ்சம் அவசரமாக வாசிக்கிறார்கள். ஃப்ளாய்டின் இசையில் சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவில் விடும் இடைவெளிதான் உயிர். 1988இல் அந்த இடைவெளியையெல்லாம் யாராவது ஒருவர் நிரப்பிவிடுகிறார்.

1994இல் 'த டிவிஷன் பெல்' ஆல்பம் வந்தபோது கதை மாறியது. ரைட் முழு உறுப்பினர், பல பாட்டுகளில் கில்மோரோடு சேர்ந்து இசையமைத்தவர், ஒரு பாட்டைத் தானே பாடியவர். மேசனும் தன் டிரம்ஸுக்குத் திரும்பிவிட்டார். அந்த ஆண்டு அக்டோபர் 20ஆம் தேதி லண்டன் எர்ல்ஸ் கோர்ட்டில் டேவிட் மாலெட் எடுத்த படம் 'பல்ஸ்'. இதே அரங்கில் 1973 மே மாதமும் ஃப்ளாய்ட் 'டார்க் சைட்' வாசித்திருக்கிறது.

துணைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் 1988இல் வந்தவர்களேதான்: கேரின், ரென்விக், ப்ராட், வாலிஸ், பாடகிகளில் துர்கா மெக்ப்ரூம். மாறியது சாக்ஸபோன். 1973 ஆல்பத்தில் வாசித்த டிக் பாரியே திரும்ப வந்தார். இந்த ஒரு மாற்றத்தின் பலனை 'மணி' பாட்டில் கேட்கலாம். ஏழு அடித் தாளத்தின் மேல் அவர் முரட்டுத்தனமாக ஊதி முடித்ததும் தாளம் நாலுக்கு மாறி கில்மோரின் கிதார் நுழைகிறது. 1988இன் பளபளப்பான சாக்ஸபோனோடு ஒப்பிட்டால் இதில் தொண்டை கரகரப்பு இருக்கிறது. அந்தப் பாட்டு கேட்பது அதைத்தான்.

ரைட்டைக் கவனிக்க இரண்டு இடங்கள் சொல்கிறேன். 'டைம்' பாட்டில் சரணங்களைக் கில்மோர் உரத்துப் பாட, இடையில் வரும் மெல்லிய பகுதியை ரைட் எடுத்துக்கொள்வார். குரலில் வயது தெரிகிறது; அந்த வரிகளுக்கு அது பொருந்துகிறது. அடுத்தது 'அஸ் அண்ட் தெம்'. முதல் ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு ஆர்கனை மட்டும் கேளுங்கள். ஒரு கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்கள்) பிடித்து அப்படியே நிறுத்திவைக்கிறார், அலங்காரம் எதுவும் இல்லை. பதினோரு பேர் மேடையில் இருந்தும் பத்துப் பேர் அவருக்கு வழிவிடுகிறார்கள். 1988 படத்திலும் இந்தப் பாட்டு உண்டு. இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுக் காட்டினால், வாட்டர்ஸ் ரசிகரும் ஒரு நிமிடம் யோசிப்பார்.

வாட்டர்ஸ் இல்லாத குறை தெரியும் இடமும் உண்டு. 'கம்ஃபர்டபிளி நம்ப்' பாட்டில் அவர் தனியாகப் பாடிய டாக்டர் பகுதியை ரைட், கேரின், ப்ராட் மூவரும் சேர்ந்து பாடுகிறார்கள். ஒரு மனிதன் இன்னொருவனிடம் பேசுவதாக எழுதிய வரிகளை மூன்று குரல்கள் சேர்ந்து சொல்லும்போது அதன் பயம் போய்விடுகிறது. 'ரன் லைக் ஹெல்' பாட்டில் ப்ராட் கத்துவது உற்சாகமாக இருக்கிறது, ஆனால் வாட்டர்ஸின் விஷம் அதில் இல்லை. இதை மறுப்பதில் அர்த்தமில்லை.

'த கிரேட் கிக் இன் த ஸ்கை' பாட்டை 1994இல் மூன்று பாடகிகள் பங்கிட்டுக்கொள்கிறார்கள்: தொடக்கம் சாம் பிரவுன், நடுப்பகுதி துர்கா மெக்ப்ரூம், முடிவு கிளாடியா ஃபோன்டேன். ஒருவரே பாடவேண்டிய பாட்டு என்பவர்கள் உண்டு. ஆனால் கச்சேரிக்குக் கச்சேரி அந்த உச்சத்தை ஒரே தொண்டையில் எட்டுவது சாதாரண வேலையில்லை. சாம் பிரவுனின் பகுதியை மட்டும் கேட்டாலே பங்கிட்டது சரி என்று தோன்றும்.

கிதார் வாசிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. 'பல்ஸ்' படத்தில் கில்மோர் கையில் பெரும்பாலும் இருப்பது ஈஎம்ஜி பிக்கப் பொருத்திய சிவப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டர். அவருடைய புகழ்பெற்ற கறுப்பு ஸ்ட்ராட் அப்போது அவரிடம் இல்லை. அந்த பிக்கப் இரைச்சல் இல்லாமல் சுத்தமாக ஒலிக்கும். பழைய பதிவுகளின் லேசான உறுமலை இதில் தேடினால் கிடைக்காது. 'ரன் லைக் ஹெல்' வரும்போது டெலிகாஸ்டருக்கு மாறுகிறார், அடித்தந்தியை ஈயிலிருந்து டிக்கு இறக்கியிருப்பார். வீட்டில் வாசித்துப் பார்ப்பவர்கள் டிலேயைச் சுமார் 380 மில்லிசெகண்டில் வைத்தால் அந்தத் துள்ளல் வரும்.

இனி டிஸ்க் விஷயம். இங்கே தராசு மறுபக்கம் சாய்கிறது.

'டெலிகேட் சவுண்ட்' 35 மி.மீ. ஃபிலிமில் எடுத்தது. 1989இல் விஎச்எஸ் கேசட்டாக வந்தபோது ஒரே மங்கல். வெட்டும் (எடிட்டிங்) அக்கால இசை வீடியோ பாணியில், ஒரு காட்சி மேல் இன்னொன்றை மிதக்கவிட்டு, நிதானமாக எதையும் பார்க்கவிடாது. பிறகு முப்பது ஆண்டுகள் முறையான டிவிடியே வரவில்லை. 2019இல் 'த லேட்டர் இயர்ஸ்' என்ற பெட்டித் தொகுப்புக்காக அசல் நெகட்டிவிலிருந்து 4கேயில் மாற்றி, பென்னி டிரிக்கெட் புதிதாக வெட்டினார். ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியாகப் பதிந்த மல்டிடிராக்கிலிருந்து ஒலியையும் மறுபடி கலந்தார்கள். 2020இல் தனி ப்ளூரேயாக வந்தது இதுதான். ஃபிலிம் என்பதால் இருட்டு இருட்டாகவே இருக்கிறது, கிதார் தந்தியில் விளக்கு பட்டுத் தெறிப்பதுகூடத் தெரிகிறது. ஒன்றைக் கவனியுங்கள்: மாற்றியது 4கேயில், ஆனால் டிஸ்க் சாதாரண ப்ளூரேதான். அட்டையில் 4கே என்று படித்துவிட்டு அல்ட்ரா எச்டி (4கே) டிஸ்க் என்று நினைத்து வாங்கிவிடக் கூடாது.

பழைய வெட்டுதான் அசல், அதை மாற்றியது தப்பு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. யார் எதை வாசிக்கிறார் என்று தெரியாத கச்சேரிப் படத்தால் என்ன பயன்?

'பல்ஸ்' எடுத்தது வீடியோ டேப்பில். இதை எந்த மறுசீரமைப்பாலும் மாற்ற முடியாது. 2022இல் வந்த ப்ளூரே மூல டேப்பிலிருந்து துடைத்து, மறுபடி வெட்டி, உயர்த்தப்பட்டது. 2006 டிவிடியைவிட நிச்சயம் தெளிவு. ஆனால் அந்தக் கால வீடியோவில் வெளிச்சத்தைவிட நிறத்துக்குக் குறைவான விவரமே பதிவாகும். அதனால் மேடை முழுக்கச் சிவப்பு, நீல விளக்கு பாயும்போது முகங்களின் ஓரம் கசிந்தது போல இருக்கும். பொன்னிறத் தாமிர ஆவி லேசர்கள் சாய்வாகப் போகும்போது கோட்டில் படிக்கட்டுப் படிக்கட்டாகத் தெரியும். 43 இஞ்ச் டிவியில் எட்டடி தள்ளி உட்கார்ந்தால் உறுத்தாது. புரொஜெக்டரில் பெரிய திரைக்கு விட்டால் உறுத்தும். டிவியில் மோஷன் ஸ்மூத்திங்கை நிறுத்துங்கள், ஷார்ப்னஸைக் கிட்டத்தட்டப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். ஷார்ப்னஸ் ஏற ஏற டேப்பின் புள்ளிகள்தான் கூர்மையாகும். 2006 டிவிடி போடுபவர்கள் படத்தை அகலத்துக்கு இழுக்காமல் 4:3 ஆகவே விடவேண்டும். இல்லாவிட்டால் மேடையின் பெரிய வட்டத் திரை முட்டையாகிவிடும்.

ஒலியில் 'பல்ஸ்' தலைநிமிர்ந்து நிற்கிறது. சுற்றிலும் ஸ்பீக்கர் வைத்துக் கேட்கும் 5.1 கலவையில் கடிகாரங்கள், கல்லாப்பெட்டிகள், 'ஆன் த ரன்' பாட்டில் ஓடும் காலடிகள் எல்லாம் அறையைச் சுற்றி வருகின்றன. இது பிற்பாடு ஒட்டவைத்த வித்தை கிடையாது. ஃப்ளாய்ட் அரங்கிலேயே நாலாபக்கமும் ஸ்பீக்கர் வைத்து வாசித்த குழு. ஜேம்ஸ் கத்ரி கலந்த 2006 டிவிடியில் 448, 640 கிலோபிட் என்று இரண்டு டால்பி ஒலித் தேர்வுகள் இருக்கும். 640 என்பது டிவிடிக்கு வகுத்த வரம்புக்கு மேல். சில பிளேயர்களில் சத்தமே வராது, அல்லது விட்டுவிட்டு வரும். டிஸ்க் பழுது என்று திருப்பி அனுப்பாமல் 448க்கு மாற்றிப் பாருங்கள். ரிசீவரில் நைட் மோடு இருந்தால் அணைத்துவிடுங்கள். அது போட்டால் 'ஸ்பீக் டு மீ' தொடக்கத்தின் இதயத்துடிப்பும் அடுத்து வரும் வெடிப்பும் ஒரே அளவாகிவிடும். சப்வூஃபர் கிராஸ்ஓவரை (எந்த அளவுக்குக் கீழே உள்ள ஒலி சப்வூஃபருக்குப் போகும் என்ற எல்லை) 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். 120, 150 என்று ஏற்றினால் ப்ராட்டின் பாஸ் குதிர்போல் முழங்கி, மேசனின் கிக் டிரம்மை விழுங்கிவிடும்.

ஏற்கெனவே 'பல்ஸ்' இரட்டை சிடி வைத்திருப்பவர்கள், இரண்டும் ஒன்றுதானே என்று எண்ணவேண்டாம். சிடி பல ஊர்க் கச்சேரிகளிலிருந்து பொறுக்கிச் சேர்த்தது. படம் எர்ல்ஸ் கோர்ட்டினுடையது. சிடியில் உள்ள 'அஸ்ட்ரானமி டோமினே', 'ஹே யூ' படத்தில் கிடையாது. படத்தில் உள்ள 'டேக் இட் பேக்', 'ஒன் ஆஃப் தீஸ் டேஸ்' சிடியில் கிடையாது. பிந்தைய பாட்டுக்குக் கோபுர உச்சியிலிருந்து தந்தம் முளைத்த பன்றி பலூன்கள் பிதுங்கி வருவதைப் பார்க்கவேண்டுமென்றால் டிஸ்க்தான் வழி. ஃப்ளாய்ட் என்ற பெயரில் அந்தக் குழு இந்தியாவுக்கு வந்ததே இல்லை. வாட்டர்ஸ் மட்டும் 2002இல் பெங்களூரில் வாசித்தார்.

2022 ப்ளூரேயின் உறையில் 1995 சிடியைப் போலவே சிவப்பு எல்இடி மினுக்கும். நீண்ட நாள் அலமாரியில் வைப்பதானால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். கசிந்தால் உறையும் சேர்ந்து பாழாகும். பழைய டிவிடியைக் கைமாற்றாக வாங்குபவர்கள் இரண்டு டிஸ்கும் இருக்கிறதா என்று பார்க்கவும். படத்தில் இல்லாத 'மரூன்ட்', 'போல்ஸ் அபார்ட்' ஆகியவற்றைப் பார்வையாளர்கள் திருட்டுத்தனமாக எடுத்த காட்சிகளாக அதில் சேர்த்திருக்கிறார்கள். படம் ஆடும், ஒலி சுமார், ஆனால் அந்தப் பாட்டுகளை 1994 குழு வாசிப்பதைப் பார்க்க அது உதவும்.

ஒன்றுதான் வாங்க முடியுமென்றால் 'பல்ஸ்'. பெரிய திரையும் புரொஜெக்டரும் உள்ளவர்கள் 'டெலிகேட் சவுண்ட்' படத்தை முதலில் எடுக்கலாம், அவர்களுக்கு அதன் படம்தான் காசுக்கு மதிப்பு. 'த கிரேட் கிக்' பாட்டை 1973இல் பாடிய கிளேர் டோரியின் குரலிலேயே மேடையில் கேட்கவேண்டும் என்பவர்களுக்கு இரண்டும் உதவாது. அவர் 1990இல் நெப்வொர்த்தில் பாடினார். அந்தக் கச்சேரிப் படம் 'த லேட்டர் இயர்ஸ்' பெட்டியில் இருக்கிறது.