கராஜ் கதவு ஓப்பனர் மாற்றப் போகிறீர்களா? பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

நியூ ஜெர்சியில் வீடு வைத்திருக்கும் நம்மவர்கள், அதிலும் கராஜுக்கு நேர் மேலே படுக்கையறை உள்ளவர்கள், தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். "சத்தமே வராது சார்" என்று சொல்லி 865 டாலர் வாங்கிக்கொண்டு ஒரு ஆள் எங்கள் வீட்டில் செய்துவிட்டுப் போன வேலை பண நஷ்டத்தோடு முடிந்திருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். பிள்ளைகள் சைக்கிள் ஓட்டும் இடத்தில் கதவின் பாதுகாப்பையே கழற்றி மேலே வைத்துவிட்டுப் போயிருக்கிறான், அதனால்தான் எழுதுகிறேன்.

எங்களுடையது 16 அடி அகலக் கதவு, இரண்டு கார் நிற்கும் கராஜ், அதில் பழைய செயின் ஓப்பனர், அதாவது சங்கிலியால் கதவை இழுத்து ஏற்றி இறக்கும் மோட்டார். மனைவிக்கு மருத்துவமனையில் இரவு ஷிப்ட். காலையில் அவள் வந்து கதவைத் திறந்தால் மேலே தூங்கும் சின்னவள் அலறிக்கொண்டு எழுந்துவிடுவாள், பகலில் மனைவி தூங்கும்போது நான் காரை எடுத்தால் அவள் தூக்கம் போச்சு. அதனால் சத்தம் குறைவான ஓப்பனர் போட்டுவிடலாம் என்று தேடினோம். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விளம்பரம், சர்வீஸ் கால் 29 டாலர், அதே நாளில் வேலை முடியும் என்று. போனில் பேசியது ஏதோ கால் சென்டர். வந்த வேனில் ஒரு பெயரும் இல்லை, ரசீதில் இருந்த பெயர் விளம்பரத்தில் இருந்த பெயர் இல்லை.

அந்த ஆள் நன்றாகவே பேசினான். கதவை ஒரு தடவை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, "இது ரொம்ப கனமான கதவு, உங்களுக்கு ஒன்றேகால் குதிரைசக்தி வேண்டும், டிசி மோட்டார், செயினுக்குப் பதில் பெல்ட், வைஃபை, கரண்ட் போனால் ஓட பேட்டரி எல்லாம் சேர்த்துப் போட்டுத் தருகிறேன்" என்றான். கார்டு மெஷின் இன்று வேலை செய்யவில்லை, ஸெல்லில் (Zelle, வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் பணம் அனுப்பும் வசதி) அனுப்பினால் 50 டாலர் குறைத்துக்கொள்கிறேன் என்றும் சொன்னான். வேலை முடிந்ததும் அட்டைப்பெட்டி, கையேடு எல்லாவற்றையும் "குப்பை உங்களுக்கு எதற்கு, நானே கொண்டுபோய்விடுகிறேன்" என்று வாரிக்கொண்டு போனான். அந்தப் பெட்டியைப் பார்த்தாலே மாடல் எண் தெரிந்துவிடும் என்பதை கவனியுங்கள்.

செயினின் கடகட சத்தம் போனது உண்மைதான். ஆனால் கதவு கிளம்பும்போது 'டம்' என்று ஓர் அதிர்வு, மேலே கட்டில் வரைக்கும் வந்தது. போன் செய்தால் "புது பெல்ட் பழக வேண்டும்" என்றார்கள், அடுத்த முறை "உங்கள் வீட்டு மரச்சட்டம் அப்படி" என்றார்கள், அப்புறம் போனையே எடுக்கவில்லை.

சரி, சத்தத்தோடு போகட்டும் என்று கூட இருந்திருப்போம். ஒரு சாயங்காலம் பெரியவனுடைய சைக்கிள் வாசலில் பாதி உள்ளே பாதி வெளியே கிடக்க, கதவு இறங்கி வந்தது. நிற்கவில்லை. சைக்கிளின் மேல் உட்கார்ந்து, பின்சக்கரத்தை வளைத்து, அதன் பிறகும் மோட்டார் உறுமிக்கொண்டே இருந்தது. நான் ஓடிப்போய் சுவர் பொத்தானை அமுக்கித்தான் நிறுத்தினேன். அந்த இடத்தில் சின்னவள் உட்கார்ந்திருந்தால் என்ற நினைப்பு இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். கதவின் இரண்டு பக்கமும் தரையிலிருந்து 6 அங்குலத்துக்கு மேற்படாத உயரத்தில் இருந்து, குறுக்கே எதுவும் வந்தால் இறங்கும் கதவைத் திருப்ப வேண்டிய இரண்டு சென்சார் கண்களும் மோட்டாருக்கு மேலே, ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி கறுப்பு டேப் சுற்றிக் கட்டப்பட்டிருந்தன. ஒன்றில் பச்சை விளக்கு, இன்னொன்றில் ஆரஞ்சு விளக்கு, இரண்டும் ஒழுங்காக எரிகின்றன. மோட்டாரைப் பொறுத்தவரை வாசலில் யாருமே இல்லை, எப்போதும். சுவரில் ஓடும் பழைய வயர் ஒரு பக்கம் அறுந்திருந்தது, அதை மாற்றச் சோம்பல்பட்டு இப்படிச் செய்திருக்கிறான் என்று பின்னால் தெரிந்தது. இந்தக் கண்கள் ஏதோ அலங்காரத்துக்கு இல்லை. இந்த நாட்டில் குழந்தைகள் தானியங்கிக் கதவுக்கு அடியில் மாட்டி இறந்த பிறகு 1990ல் சட்டம் கொண்டுவந்து, 1993 ஜனவரி 1 முதல் தயாராகும் வீட்டு ஓப்பனர் ஒவ்வொன்றுக்கும் இந்த மாதிரி கூடுதல் பாதுகாப்பு கட்டாயம் என்று ஆக்கினார்கள்.

அடுத்தது மோட்டார். இங்கே நிறைய வீடுகளில் இருக்கும் சேம்பர்லேன், லிஃப்ட்மாஸ்டர் இரண்டும் ஒரே கம்பெனி. அவர்களுடைய ஓப்பனரில் ரிமோட்டைப் பதிவு செய்யும் சின்னப் பொத்தானின் நிறத்தைப் பார்த்தே தலைமுறை சொல்லலாம். 2011ல் வந்த செக்யூரிட்டி பிளஸ் 2.0 என்றால் மஞ்சள். எனக்கு "புத்தம் புதுசு" என்று மாட்டிய மோட்டாரில் பொத்தான் ஊதா, அதாவது அதற்கும் முந்தையது. பக்கவாட்டு ஸ்டிக்கரில் தயாரிப்புத் தேதி இருந்த இடம் மட்டும் சுரண்டப்பட்டிருந்தது. அரைக் குதிரைசக்தி ஏசி மோட்டார், பேட்டரி வைக்க இடமே கிடையாது, வைஃபை என்று சொன்னது சுவரில் தனியாகச் செருகிய ஒரு சின்ன டப்பா. எங்கேயோ கழற்றிய பழைய மோட்டாருக்குப் புது பெல்ட் போட்டு என் தலையில் கட்டியிருக்கிறான். டிசி மோட்டார் மெதுவாகக் கிளம்பி, வேகம் பிடித்து, நிற்கும் முன் மறுபடி மெதுவாகும். ஏசி மோட்டார் எடுத்த எடுப்பில் முழு வேகத்தில் இழுக்கும். அந்த 'டம்' அதுதான்.

அதற்குப் பிறகு ஒரு நண்பர் சொல்லி வேறொரு மெக்கானிக் வந்தார், வயதானவர், வேனிலேயே பதிவு எண் எழுதியிருந்தது. அவர் மோட்டாரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கதவை முழுதாக இறக்கிவிட்டு, சிவப்புக் கயிற்றை இழுத்து மோட்டாரிலிருந்து கதவைப் பிரித்தார், இரண்டு கையாலும் இடுப்பு உயரத்துக்குத் தூக்கி லேசாகப் பிடியைத் தளர்த்தினார். கதவு அப்படியே கீழே போகப் பார்த்தது, கால் வைத்துத் தடுத்தார். "ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. ஒழுங்கான ஸ்பிரிங் இருந்தால் இந்தக் கதவை உங்கள் மனைவி ஒரு கையால் தூக்கலாம், விட்ட இடத்தில் நிற்கும். அதற்கு ஒன்றேகால் குதிரைசக்தி எதற்கு?" என்றார். கதவின் பாரத்தைத் தாங்குவது மேலே குறுக்கே இருக்கும் டார்ஷன் ஸ்பிரிங்தான், மோட்டார் சும்மா கூட வந்து இழுத்துவிடுகிற ஆள். சாதாரண ஸ்பிரிங் 10,000 தடவை ஏறி இறங்குவதற்கென்று செய்யப்படுவது, எங்கள் வீட்டு உபயோகத்துக்கு அது எப்போதோ தாண்டியிருக்கும்.

இப்போது எல்லாம் ஒன்றோடொன்று பொருந்துகிறது. தளர்ந்த ஸ்பிரிங், அதனால் கனக்கிற கதவு, மோட்டார் திணறி வழியில் நின்றுவிடாமல் இருக்க அந்த ஆள் மோட்டார் எவ்வளவு பலமாகத் தள்ளலாம் என்று வைக்கும் விசைத் திருகை முழுதாகத் திருப்பி வைத்திருக்கிறான். அதனால்தான் சைக்கிளில் மோதியும் கதவு திரும்பி மேலே போகவில்லை. ஸ்பிரிங்கை மாற்றியிருந்தால் சத்தமும் குறைந்திருக்கும், ஆபத்தும் வந்திருக்காது, ஆனால் அதில் அவனுக்குக் கிடைக்கும் காசு குறைவு.

பெரியவர் ஸ்பிரிங் இரண்டையும் மாற்றினார், தேய்ந்த இரும்பு ரோலர்களை எடுத்துவிட்டு உள்ளே பேரிங் உள்ள நைலான் ரோலர் போட்டார். மோட்டாரைத் தாங்கும் ஆங்கிளை அந்த ஆள் நேராக உத்தரக்கட்டையில் போல்ட் போட்டு இறுக்கியிருந்தான், மேல் அறைக்கு அதிர்வு போக அதைவிட நல்ல வழி கிடையாது. இடையில் ரப்பர் தாங்கி வைத்தார். கீல்களுக்கு லித்தியம் கிரீஸ் ஸ்பிரே அடித்தார், தண்டவாளத்துக்கு எதுவும் பூசக் கூடாது, துடைத்தால் போதும் என்றார். வயரைப் புதிதாக இழுத்து சென்சார்களைக் கீழே அவற்றின் இடத்தில் வைத்தார். இவ்வளவும் செய்து அந்தப் பழைய மோட்டாரிலேயே ஓட்டிக் காட்டியபோது மேலே நின்ற மனைவி, கதவு ஏறியதா இல்லையா என்று கேட்டாள். பிறகுதான் டிசி மோட்டாரை வாங்கி மாற்றினோம், பேட்டரியோடு, பெட்டியை என் கண் முன்னாலேயே பிரித்து.

ஆகவே யாராவது வந்ததும் மோட்டாரைப் பற்றியே பேசினால், முதலில் கயிற்றை இழுத்துக் கதவு நிற்கிறதா பார் என்று சொல்லுங்கள். கதவு கீழே இருக்கும்போது மட்டும் இழுக்க வேண்டும், மேலே இருக்கும்போது இழுத்தால் ஸ்பிரிங் கெட்ட கதவு தலையில் வந்து விழும். ஸ்பிரிங்கை நாமே கழற்றிப் பார்க்கிற வேலை வேண்டவே வேண்டாம், அதில் முறுக்கேறியிருக்கும் விசை கையை முறித்துவிடும். வேலை முடிந்ததும் ஒன்றரை அங்குல உயரம் வருகிற மாதிரி ஒரு டூ பை ஃபோர் கட்டையைப் படுக்கவைத்துக் கதவை இறக்கச் சொல்லுங்கள், கட்டையில் பட்டதும் திரும்பி மேலே போக வேண்டும். அப்புறம் இறங்கும்போது சென்சாருக்குக் குறுக்கே துடைப்பத்தை நீட்டுங்கள், படாமலே திரும்ப வேண்டும். இரண்டும் நடந்த பிறகு பணம்.

நியூ ஜெர்சியில் வீட்டு வேலை செய்பவர்கள் நுகர்வோர் விவகாரத் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும், எண் 13விஹெச் (13VH) என்று தொடங்கும். 500 டாலருக்கு மேற்பட்ட வேலைக்கு எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், அதன் நகல் கைக்கு வந்த பிறகு மூன்று வேலை நாளுக்குள் ரத்து செய்யவும் உரிமை உண்டு. எனக்குக் கொடுத்த ரசீதில் இந்த எண்ணும் இல்லை, முகவரியும் இல்லை. துறையில் புகார் கொடுத்திருக்கிறேன். ஸெல்லில் போன பணத்துக்கு வங்கி, நீங்களே அனுப்பியதுதானே என்று கைவிரித்துவிட்டது. கிரெடிட் கார்டாக இருந்தால் தகராறு செய்ய ஒரு வழி இருக்கிறது, கார்டு வாங்க மறுக்கும் ஆளை அப்போதே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

சமீபத்தில் யாரிடமாவது ஓப்பனர் போட்டிருந்தால் இன்றைக்கே டார்ச் எடுத்துக்கொண்டு போய் சென்சார்கள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். மேலே டேப் சுற்றி இருந்தால் கதவை இறக்கிவிட்டு பிளக்கைப் பிடுங்கி வையுங்கள், சரிசெய்யும் வரை முன்வாசல் வழியாகவே போய் வாருங்கள்.