வெள்ளெழுத்து வந்தவன் கேமரா வாங்கப் போனால்: கேனான் ஆர்50, சோனி இசட்வி-இ10

போன வருஷம் பழைய கேனான் 1300டி-யை அலமாரியிலிருந்து எடுத்துப் பார்த்தால் கூடவே வந்த கிட் லென்ஸுக்குள் சிலந்தி வலை பின்னியது மாதிரி பூஞ்சை. தூத்துக்குடி ஈரக்காற்றில் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம்கூடப் போடாமல் மூன்று வருஷம் மூடி வைத்தது என் தப்புதான், கேமராவைச் சொல்லிக் குற்றமில்லை. சரி, இனி அந்தக் கனத்தைத் தூக்க வேண்டாம், சின்னதாக, உள்ளே பிரதிபலிப்புக் கண்ணாடி இல்லாத ஒரு தொடக்க நிலை மிரர்லெஸ் கேமரா போதும் என்று தேட ஆரம்பித்ததில் கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று 2021-இல் வந்த சோனி இசட்வி-இ10, இன்னொன்று 2023-இல் வந்த கேனான் ஆர்50. நான் வாங்கியது ஆர்50. எட்டு மாதமாகப் புழங்குகிறேன். சோனி என் கையில் இருந்தது ஒரே ஒரு வாரம், அதுவும் மச்சினனிடம் இரவல் வாங்கியது. ஆகவே கேனான் பக்கம் சாய்ந்துதான் எழுதுவேன், அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

ஒற்றுமைகளைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இரண்டிலும் 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி அளவு சென்சார். பேட்டரி, கார்டு எல்லாம் சேர்த்து சோனி 343 கிராம், கேனான் 375 கிராம், கையில் வித்தியாசம் தெரியாது. இரண்டிலுமே பாடிக்குள் ஸ்டெபிலைசேஷன் (கை ஆட்டத்தைச் சமாளிக்கும் வசதி) கிடையாது, கிட் லென்ஸில் இருப்பதோடு சரி. முகத்தையும் கண்ணையும் தேடிப் பிடித்து ஃபோகஸ் செய்வதில் இரண்டும் என் 1300டி-யை எங்கேயோ விட்டுவிட்டு வந்துவிட்டன. படத்தின் தரத்தில், வீட்டு ஆல்பத்துக்கும் வாட்ஸாப்புக்கும் எடுக்கிற என்னால் இது சோனி, அது கேனான் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பிறகு எதை வைத்து முடிவு செய்தேன்? வியூஃபைண்டர், அதாவது கண்ணை ஒட்டி வைத்துப் பார்க்கிற சின்னச் சாளரம். ஆர்50-இல் இருக்கிறது, இசட்வி-இ10-இல் இல்லை. கேட்பதற்கு ரொம்பச் சின்ன விஷயம். கடைக்குள் ஏசி காற்றில் நின்று பார்த்தபோது எனக்கும் அப்படித்தான் பட்டது. பத்து வருஷமாக ஃபோனில் திரையைப் பார்த்துத்தானே எடுக்கிறோம், இதற்கு எதற்கு ஒரு ஓட்டை என்று நினைத்தேன்.

மகளின் பள்ளி விளையாட்டு விழா வந்தது. மச்சினனின் சோனியோடு போனேன். இருநூறு மீட்டர் ஓட்டத்தைக் கூப்பிடும்போது காலை பதினொன்றரை, தலைக்கு நேரே வெயில், மைதானத்தில் ஒரு மர நிழல் கிடையாது. திரையை விரித்தேன். அதில் தெரிந்தது என் மூக்கும் பின்னால் இருந்த வானமும். வெளிச்சத்தை முழுக்கக் கூட்டினால் ஏதோ கலங்கலாகத் தெரிந்தது, ஆனால் எனக்கு நாற்பத்தாறு வயது, வெள்ளெழுத்து வந்து மூன்று வருஷம் ஆகிறது. திரையைப் பார்க்கக் கண்ணாடி வேண்டும், போட்டால் தூரத்தில் ஓடுகிற பிள்ளை தெரியாது, கழற்றினால் திரை தெரியாது. நெற்றிக்கு ஏற்றுவதும் மூக்குக்கு இறக்குவதுமாக நான் அல்லாடிக்கொண்டிருக்க, விசில் ஊதிவிட்டார்கள். கடைசியில் தோளில் கிடந்த துண்டை எடுத்து, அந்தக் காலத்து ஸ்டூடியோக்காரர் கறுப்புத் துணிக்குள் நுழைவாரே அது மாதிரி, தலையோடு கேமராவை மூடிக்கொண்டு எடுத்தேன். பக்கத்தில் நின்ற பெற்றோர் சிரித்தது இன்னும் காதில் கேட்கிறது. கிடைத்த படங்களில் மகள் பாதி, பக்கத்துத் தடத்தில் ஓடிய பெண் முழுசாக.

இதில் இரண்டு சங்கதி கலந்திருக்கிறது. வெயில் பிரச்சினை எல்லோருக்கும் உண்டு. சின்னத் திரையின் வெளிச்சம் உச்சி வெயிலோடு போட்டி போட முடியாது, வியூஃபைண்டர் அந்த வெயிலைக் கண்ணுக்குப் பக்கத்திலேயே தடுத்துவிடுகிறது, அவ்வளவுதான். இரண்டாவதை எந்த விமர்சனத்திலும் நான் படிக்கவில்லை, ஏனென்றால் எழுதுகிறவர்களில் பலருக்கு இருபத்தைந்து வயது. வியூஃபைண்டரை ஒட்டி டயாப்டர் என்று ஒரு சின்னத் திருகு இருக்கும். அதைத் திருப்பினால் உள்ளே தெரிகிற காட்சி உங்கள் கண்ணுக்குத் தக்கபடி தெளிவாகிவிடும். அதாவது, வாசிப்புக் கண்ணாடி போடாமலேயே ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ, மெனு, எடுத்த படம் எல்லாவற்றையும் உள்ளேயே பார்த்துவிடலாம். கண்ணை எடுத்தால் தூரத்துப் பிள்ளை, வைத்தால் கேமரா. கண்ணாடி சட்டைப் பையிலேயே கிடக்கிறது. திருகும்போது காட்சியைப் பார்க்காமல் கீழே ஓடுகிற எண்களைப் பார்த்துத் திருகுங்கள், எண்கள் கூர்மையானால் போதும். என் மனைவி எடுத்துவிட்டுத் தந்தால் ஒருமுறை திரும்பச் சரிசெய்ய வேண்டியிருக்கும், அது ஒரு சின்னத் தொல்லை.

எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். டயாப்டர் சரிசெய்வது வெறும் பவரை மட்டும்தான், கண்ணில் சிலிண்டர், அதாவது அஸ்டிக்மாடிசம், இருந்தால் அது போகாது. தூரப் பார்வைக்கே கண்ணாடி போடுகிறவர்கள் பெரும்பாலும் கண்ணாடியோடேதான் வியூஃபைண்டரில் பார்ப்பார்கள், அப்போது ஓரங்கள் மறையலாம். ஆர்50-இன் வியூஃபைண்டரும் பிரமாதமானது என்று சொல்ல மாட்டேன். 23.6 லட்சம் புள்ளிகள் கொண்ட சின்னச் சாளரம், இருட்டுக் கல்யாண மண்டபத்தில் கொஞ்சம் பொறிபொறியாகத் தெரியும், பேட்டரியையும் தின்னும். நான் இரண்டாவது எல்பி-இ17 பேட்டரி வாங்கிவிட்டேன், நீங்களும் அந்தச் செலவைச் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

இன்னொரு லாபம் பிறகுதான் தெரிந்தது. கண்ணில் வைத்துப் பிடிக்கும்போது இரண்டு கையோடு நெற்றியும் சேர்ந்து மூன்றாவது தாங்கலாகிறது. பாடிக்குள் ஸ்டெபிலைசேஷன் இல்லாத கேமராவுக்கு இது சும்மா கிடைக்கிற ஸ்டெபிலைசேஷன். கையை நீட்டிப் பிடித்து அந்தி வெளிச்சத்தில் எடுத்த படங்களில் பாதி ஆடிப்போயிருந்தன, கண்ணில் வைத்து எடுத்தவை தேறின.

இனி சோனிக்கு உரியதைச் சோனிக்குக் கொடுக்க வேண்டும். லென்ஸ் விஷயத்தில் அது பெரிய அண்ணன். அதன் இ-மவுண்ட், அதாவது லென்ஸ் மாட்டுகிற வாய், 2010-லிருந்து இருக்கிறது, எஃப் 1.4-இல் (இந்த எண் குறையக் குறைய வெளிச்சம் கூட நுழையும்) வேறு கம்பெனியான சிக்மாவின் 16, 30, 56 மி.மீ. மூன்றும் பல வருஷமாகக் கிடைக்கின்றன, பழைய லென்ஸ் சந்தையிலும் புழங்குகின்றன. மச்சினன் அந்த 30-ஐத்தான் போட்டுச் சமையல் வீடியோ எடுக்கிறான், பின்னணி வெண்ணெயாகக் கரைகிறது. கேனான் ஆர்எஃப் மவுண்ட் வந்தது 2018-இல். சிக்மாவும் டாம்ரானும் உரிமம் பெற்று அதற்கு ஆட்டோஃபோகஸ் லென்ஸ் தரப்போவதாக அறிவித்தது 2024 ஏப்ரலில். அதற்குப் பிறகு நிலைமை தேவலை. சிக்மா 18-50 எஃப் 2.8 இப்போது இரண்டு மவுண்டுக்கும் உண்டு. ஆனாலும் பல வருஷத்துக் கடையும் நேற்றுத் திறந்த கடையும் ஒன்றாகிவிடாது. என்னிடம் ஏற்கெனவே பழைய இஎஃப் 50 எஃப் 1.8 இருந்ததால் தப்பித்தேன். கேனானின் அடாப்டர் ஒன்றைப் போட்டால் ஆட்டோஃபோகஸோடு ஓடுகிறது. வெறுங்கையோடு வருகிறவருக்கு அந்த வசதி இல்லை.

கிட் லென்ஸிலும் சோனி ஒரு படி மேல். அதன் 16-50 விரிந்த பக்கத்தில் பழைய ஃபிலிம் கணக்குக்கு 24 மி.மீ., கேனானின் 18-45 அதே கணக்கில் 29. எண் சின்னதானால் காட்சி அகலம். எண்ணில் அற்பமாகத் தெரியும். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் பிறந்தநாள் கேக்கைச் சுற்றிப் பதினைந்து பேரை நிறுத்திப் பாருங்கள். சோனியில் எல்லோரும் அடங்குவார்கள். கேனானில் நான் பின்னால் நகர்ந்து நகர்ந்து பீரோவில் முட்டிக்கொண்டு நின்றேன், அப்படியும் ஓரத்துச் சித்தப்பாவுக்குப் பாதி முகம்தான். அந்த லென்ஸின் எஃப் எண்ணும் 4.5-இல் தொடங்கி 6.3-இல் முடிகிறது, வீட்டுக்குள் மாலையில் அது பட்டினி கிடக்கும்.

வீடியோவுக்கென்றால் சோனியிடம் ஹெட்ஃபோன் துளை இருக்கிறது, கேனானில் மைக் துளை மட்டும்தான். சோனியின் பாடியிலேயே இருக்கிற மைக்குக்குக் காற்றை அடக்கும் பஞ்சுத் தொப்பியும் பெட்டியோடு தருகிறார்கள். ஆனால் 4கே-யில் நொடிக்கு 30 பிரேம் வைத்தால் சோனி காட்சியை 1.23 மடங்கு வெட்டிக்கொள்ளும், கேனான் வெட்டாது. சோனியைச் சட்டென்று பக்கவாட்டில் திருப்பினால் வீடியோவில் தூண்கள் சாய்ந்து தெரிகின்றன. நான் வீடியோ அதிகம் எடுப்பவன் இல்லை, இதில் என் பேச்சைவிட மச்சினன் பேச்சுக்குத்தான் எடை அதிகம்.

ஆர்50 வாங்குவதற்கு முன்பே மச்சினனிடம் கேட்டேன். “அத்தான், நீங்க போட்டோ எடுக்கிற ஆள், நான் என் மூஞ்சியை எடுக்கிற ஆள், எனக்கு அந்த ஓட்டை எதுக்கு?” என்றான். நியாயம்தான்.

ஆர்50-இல் ஒரு பொறி இருக்கிறது, வாங்குமுன் தெரிந்துகொள்ளுங்கள். மேலே ஃபிளாஷ் மாட்டுகிற இடத்தில் பழைய மாதிரித் தொடுமுனைகள் இல்லை. வீட்டில் பழைய ஃபிளாஷ் இருந்தால் நேராக மாட்டி வேலை வாங்க முடியாது, ஏடி-இ1 என்று ஒரு அடாப்டர் தனியாக வாங்க வேண்டும். பாடியிலேயே ஒரு குட்டி ஃபிளாஷ் இருக்கிறது, சோனியில் அதுவும் இல்லை. இன்னொன்று, கேனானில் ஒரே ஒரு சுழல் சக்கரம். எல்லாவற்றையும் நாமே வைக்கிற எம் மோடில் எஃப் எண்ணையும் ஷட்டரையும் மாற்ற நடுவில் ஒரு பொத்தானைத் தட்ட வேண்டும். நான் பெரும்பாலும் எஃப் எண்ணை மட்டும் வைக்கிற ஏவி மோடில் கிடப்பவன், பழகிவிட்டது.

இன்னும் மிச்சம் பிடிக்கலாமே என்று சிலர் கேனான் ஆர்100 பக்கம் போகிறார்கள். வியூஃபைண்டர் அதிலும் உண்டு, ஆனால் திரை அசையாது, தொட்டாலும் கேட்காது. என்னால் சிபாரிசு செய்ய முடியாது. நிக்கான் இசட்30-க்கும் வியூஃபைண்டர் இல்லை. இசட்வி-இ10-இன் இரண்டாம் பதிப்பு 2024-இல் வந்தது, அதிலும் இல்லை. கேனானே 2025-இல் ஆர்50 வி என்று ஒன்றை வீடியோக்காரர்களுக்காக விட்டபோது வியூஃபைண்டரைக் கழற்றிவிட்டது. பெயரில் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம், ஆன்லைனில் ஆர்டர் போடும்போது பார்த்துப் போடுங்கள்.

மறுவிற்பனையைக் கேட்டால், நான் இன்னும் விற்கவில்லை. என் ஊரில் பழைய கேமரா எடுக்கிற கடைக்காரர் ஒருவர், சோனி லென்ஸ் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன், இந்தக் கேனான் ஆர்எஃப்-எஸ் கிட் லென்ஸுக்கு ஆள் தேட வேண்டும் என்றார். ஒரே ஒருவர் சொன்னது, அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

நாற்பதைத் தாண்டியவர் என்றால் கடைக்கு மாலையில் போகாதீர்கள். மதியம் பன்னிரண்டுக்குப் போய், வாசிப்புக் கண்ணாடியைப் பையில் போட்டுக்கொண்டு, இரண்டு கேமராவையும் வாங்கி வாசலுக்கு வாருங்கள். எதிர்ச்சாரியில் போகிற ஒரு சைக்கிள்காரரைப் படம் எடுக்கப் பாருங்கள். நான் கேட்டபோது கடைப் பையன் முதலாளியைத் திரும்பிப் பார்த்தான், அவர் தலையாட்டியதும் கூடவே வந்து, கேமராவின் வாரைக் கையில் பிடித்தபடியே நின்றுகொண்டான்.